மாட்டுக் கொட்டாயில் விளையாட விட்டால் குழந்தைக்கு வீசிங் போய்விடுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பெங்களூரில் வளரும் நான்கு வயதுப் பையனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. பென்னாகரம் பக்கத்து ஊரில் இருக்கும் மாமியார், "ஊருக்குக் கூட்டிட்டு வா, மாடு கன்னோட இருந்தா எல்லாம் போயிடும்" என்கிறார். ஜெர்மன் டாக்டர் ஒருவர் இதையே கண்டுபிடித்ததாக வாட்ஸ்ஆப்பிலும் வந்திருக்கிறது. உண்மையா? கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை. பாலக்கோடு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சளி, இளைப்பு என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இதைத் தேடிப் படிக்கிற பழக்கம் வந்தது.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. ஆஸ்துமா வராமல் தடுப்பது வேறு, வந்ததைச் சரிசெய்வது வேறு. அந்த ஆராய்ச்சி பேசுவது முதலாவதைப் பற்றி மட்டும்தான். வாட்ஸ்ஆப்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிட்டார்கள்.

அந்த டாக்டர் நிஜமானவர். பெயர் எரிகா ஃபான் மூட்டியஸ், மியூனிக் நகரில் குழந்தை மருத்துவர். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்கு ஜெர்மனிக் குழந்தைகளையும் மேற்கு ஜெர்மனிக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. கிழக்கே லைப்ஸிக், ஹாலே பக்கமெல்லாம் நிலக்கரிப் புகையும் கந்தகமும். அங்கேதான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள், அவரும் அப்படித்தான் எதிர்பார்த்தார். நெஞ்சுச்சளி அங்கே அதிகம்தான். ஆனால் ஆஸ்துமாவும், மகரந்தத்தால் வரும் தும்மலும் மூக்கொழுகலும் மியூனிக் குழந்தைகளிடம்தான் அதிகமாக இருந்தன. நினைத்ததற்கு நேர்மாறாக வந்த கணக்கை மூடி வைக்காமல் அதன் பின்னாலேயே வருஷக்கணக்காகப் போனார் பாருங்கள், அதுதான் இவரிடம் எனக்குப் பிடித்தது.

அதே 1989-இல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்ட்ராக்கன் என்பவர், 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்து, அண்ணன் அக்காக்கள் நிறைய உள்ள பிள்ளைக்கு இந்தத் தும்மல் நோய் குறைவு என்று எழுதியிருந்தார். கிருமியோடு பழகாத உடம்புதான் அலர்ஜிக்குப் போகிறதோ என்ற சந்தேகம் அப்போதே கிளம்பிவிட்டது.

அப்புறம்தான் மாடு வருகிறது. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் ஃபான் மூட்டியஸ் குழுவினர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 2001-இல் வெளிவந்த முடிவு இது: பிறந்த முதல் வருஷத்திலேயே மாட்டுக் கொட்டகையிலும் பண்ணைப் பாலிலும் பழகிய பிள்ளைகளில் ஆஸ்துமா 1 சதவீதம். அதே பழக்கம் ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் தொடங்கியவர்களிடம் 11 சதவீதம். கர்ப்பமாக இருக்கும்போது அம்மா கொட்டகையில் வேலை செய்ததற்கும் பலன் தெரிந்தது. உங்கள் பையனுக்கு இப்போது நான்கு வயது. இந்த இடத்தை மாமியாரிடம் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

எல்லாப் பண்ணைக்கும் இந்தப் பலன் இல்லை என்பது 2016-இல் தெரிந்தது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து போனவை, ரத்த வழியும் ஏறக்குறைய ஒன்று, சாப்பாடும் வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆமிஷ்காரர்கள் பழைய முறையில், வீட்டை ஒட்டியே மாடு குதிரை வைத்து விவசாயம் செய்பவர்கள். ஹட்டரைட்டுகளுடையது இயந்திரமயமான பெரிய பண்ணை, குழந்தைகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளில் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம். வீட்டுத் தூசியை அள்ளி ஆராய்ந்தால், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் ஆமிஷ் வீடுகளில் ஏழு மடங்குக்கு நெருக்கமாக இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி மூச்சுத்திணறலைத் தடுத்தது, ஹட்டரைட் தூசி தடுக்கவில்லை. பிறவியிலேயே இருக்கும் எதிர்ப்புச் சக்தியை முடக்கிய எலிகளில் ஆமிஷ் தூசியின் காவலும் போய்விட்டது. தூசி சும்மா இல்லை, உடம்பின் காவலைப் பழக்குகிறது என்று இதிலிருந்து புரிந்துகொண்டார்கள்.

ஆமிஷ் வீட்டு வர்ணனையைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்துக் கொட்டாய் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. திண்ணைக்கு எதிரே ஆலம்பாடி மாடும் ஜெர்சியும், கோழியும், சாணி தெளித்த வாசலும். அப்படியானால் தர்மபுரிக் குழந்தைகளுக்கு வீசிங்கே வரக்கூடாதே என்று கேட்பீர்கள். என் கடைக்கு வருகிறவர்கள் யார்? கொட்டாய்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். வீட்டில் கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கு விறகடுப்புதான், அந்தப் புகை முழுக்க தாழ்வாரத்தில். பட்டுப்புழு வளர்க்கும் வீடென்றால் மனையைச் சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புத் தூசி. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் குவாரித் தூசி. மழை முடிந்ததும் ரோட்டோரம் முழுக்கப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். மாட்டுத் தூசி தரும் காவலை இவை எவ்வளவு தின்றுவிடுகின்றன என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வெந்நீர் அடுப்பை வாசலைத் தாண்டி வைக்கச் சொல்லி நான் சண்டையே போடுவேன்.

பெங்களூர் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அங்கே டாக்டர் எச். பரமேஷ், ஆஸ்பத்திரிக்கு வந்த 20,000 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் ஆஸ்துமா 1979-இல் 9 சதவீதம், 1999-இல் 29.5 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கணக்கு என்பதால் ஊர் முழுக்க அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஏறிய வேகம் பயமுறுத்துகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் பையன் நன்றாக இருக்கிறான், திரும்பிப் போனால் இழுக்கிறது என்று பலர் என்னிடம் சொல்வதும் புகையும் நெரிசலும் விட்டுப்போவதால் இருக்கலாம். மாட்டுக்கு முழுப் பெருமையையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே வீசிங் உள்ள குழந்தைக்குக் கொட்டாயில் ஆபத்தும் உண்டு. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த வைக்கோல், தவிட்டுத் தூள் இரண்டும் மூச்சை இறுக்கும். வைக்கோல் போர் பிரிக்கிற நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள். மற்றபடி மாட்டைத் தடவட்டும், கன்றோடு ஓடட்டும், அதனால் இழுக்காதவரை தடையில்லை.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். ஊருக்கு வந்ததும் இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். "பம்பு பழகிடும், சிரப்பே குடுங்க" என்று பாட்டிமார் கேட்பார்கள். இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வரும் பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுங்க வைத்து, நெஞ்சு படபடக்க வைத்து அப்புறம்தான் நுரையீரலுக்குப் போகிறது. பஃப் நேராகப் போகிறது. இதில் எது பயப்பட வேண்டியது? தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு பஃப்பும் மைக்ரோகிராம் கணக்குதான். அதை இடையில் நிறுத்திவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. நான்கு வயதுக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) இல்லாமல் பஃப் அடித்தால் பாதி வாயிலேயே தங்கிவிடும், அதையும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள். மறந்தே போய்விட்டால்? கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுச் செய்த ஸ்பேசர் கடையில் வாங்கியதற்கு இணையாக வேலை செய்ததை 1999-இலேயே காட்டியிருக்கிறார்கள். விலா ஒடுங்கி ஒடுங்கி இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ பஃப்பைக் கொடுத்துக்கொண்டே பக்கத்து ஜி.ஹெச். போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பால் பற்றிக் கேட்டீர்கள். காய்ச்சாத பண்ணைப் பால் குடித்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் யாரும் பச்சைப்பால் கொடுங்கள் என்று சொல்லவில்லை. புரூசெல்லா என்ற காய்ச்சல் கிருமி, மாட்டுக் காசநோய் எல்லாம் அந்த வழியில் வரும். காய்ச்சியே கொடுங்கள்.