எட்டு சிலிண்டர் எம்3 வாங்கலாமா?

கேள்வி (டோர்ட்முண்ட், ஜெர்மனி): நெடுநாள் ஆசையாக இருந்த பிஎம்டபிள்யூவின் வேகக் கார் எம்3-ஐ இந்த வருடம் வாங்கியே தீருவது என்று இருக்கிறேன். ஆறு சிலிண்டர் ஈ46 (பழைய தலைமுறை எம்3) ஒன்றும், எட்டு சிலிண்டர் ஈ92 (அதற்கு அடுத்த தலைமுறை) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. இது சனி, ஞாயிறு சவர்லாந்து மலைப்பாதைகளுக்கும் எப்போதாவது ஆட்டோபானுக்கும்தான். நண்பர்களோ, எட்டு வேண்டாம், முன்பக்கம் கனம், பெட்ரோல் குடிக்கும், எஞ்சின் உடைந்துவிடும் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: எட்டை எடுங்கள். ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் கார் விலைக்கே கொடுத்துவிடாமல் எஞ்சினுக்கென்று சில ஆயிரம் யூரோவைத் தனியாக வைத்துக்கொண்டு எடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த முன்பக்கக் கனம். பொதுவாக இது நியாயமான கவலைதான், எட்டு சிலிண்டர் என்றால் கூடுதல் உலோகம், அதுவும் முன் அச்சின் மேல், வளைவில் திருப்பும்போது கார் வெளிப்பக்கம் தள்ளும். ஆனால் இந்த இரண்டு எஞ்சின்களில் கதை தலைகீழ். ஈ92-இன் நான்கு லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்களும் V வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சின்) சுமார் 202 கிலோ, ஈ46-இன் 3.2 லிட்டர் ஆறு அதைவிட ஏறக்குறைய 15 கிலோ அதிகம்! காரணம், பழைய ஆறின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் எஞ்சின் உடல்) வார்ப்பிரும்பு, புதிய எட்டின் பிளாக் அலுமினியம்-சிலிக்கன் கலவை. பிஎம்டபிள்யூ தன் ஃபார்முலா ஒன் எஞ்சின் பிளாக்குகளை வார்த்த அதே லாண்ட்ஸ்ஹூட் வார்ப்பாலையில்தான் இதையும் வார்த்தார்கள். கார் முழுவதையும் எடை போட்டால் ஈ92 நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம் வரும், அது உண்மை, குறுகலான பாதையில் அது தெரியவும் செய்யும். ஆனால் அந்தக் கனத்துக்கு எஞ்சின் காரணமில்லை, உடல் பெரிதானதுதான் காரணம்.

அடுத்து, எஞ்சினின் குணம். ஈ46: 3246 சிசி, நிமிடத்துக்கு 7900 சுற்றில் 343 குதிரைத்திறன், 4900 சுற்றில் 365 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஈ92: 3999 சிசி, 8300 சுற்றில் 420 குதிரைத்திறன், 3900 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர். பலர் கவனிக்காமல் விடுவது பிஸ்டன் ஓடும் தூரத்தை. ஆறில் ஒவ்வொரு பிஸ்டனும் 91 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓட வேண்டும், எட்டில் 75.2 மட்டுமே. 8000 சுற்றில் ஆறின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் போகிறது, எட்டின் பிஸ்டன் 8300 சுற்றிலேகூட 21-ஐத் தொடவில்லை. வேலையை எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுத்ததால் ஒவ்வொருவருக்கும் பாரம் குறைவு, அவ்வளவுதான். அதனால்தான் அது 8400 வரை தயங்காமல் ஏறுகிறது.

சத்தமும் நடுக்கமும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர் இயல்பாகவே சமநிலையான அமைப்பு, ஒரு பிஸ்டன் உதறுவதை இன்னொன்று சரிக்கட்டிவிடும், அதற்கென்று தனி உறுப்பு எதுவும் வேண்டாம். வி8-இன் கிராங்க்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், எதிர்ப்பாரம் வைத்து அதே அமைதியைக் கொண்டுவருகிறார்கள். ஓட்டுபவருக்கு நடுக்கத்தில் வித்தியாசம் தெரியாது, சத்தத்தில் தெரியும். ஆறு ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது, எட்டு நான்கு முறை. ஈ46 மேலே போகப் போகக் கரகரவென்று உலோகம் உரசுவது மாதிரி கத்தும், சிலருக்கு உயிர், சிலருக்குப் பிடிக்காது. ஈ92 கீழே உறுமிவிட்டு 6000-க்கு மேல் வேறு எஞ்சினாகவே மாறும். வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள்.

பெட்ரோல்? நூறு கிலோமீட்டருக்கு ஈ46 11.9 லிட்டர், ஈ92 12.4 லிட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. மிதித்து ஓட்டினால் இரண்டுமே அதைத் தாண்டும், எட்டு இன்னும் கூடுதலாகக் குடிக்கும். வார இறுதிக்கு மட்டும் என்கிறீர்கள், இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சரி, எஞ்சின் உடையும் என்ற பயத்துக்கு வருவோம், அதில் உண்மை இருக்கிறது. ஈ92-இல் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அந்தக் கிராங்க்குக்கும் நடுவில் இருக்கும் பேரிங் சீக்கிரம் தேயும். இடைவெளி மிகக் குறைவு, ஆயிலோ கெட்டியான 10டபிள்யூ-60, குளிர்ந்த எஞ்சினை உடனே முறுக்கினால் அங்கே போதிய ஆயில் படலம் நிற்காது. தேய்ந்தது வெளியே தெரியாது, சத்தம் கேட்கும்போது கிராங்க்கும் போயிருக்கும். ஆகவே பேரிங் மாற்றியதற்கு ரசீது உள்ள காரைத் தேடுங்கள், இல்லையென்றால் வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள், இதற்குத்தான் பணத்தைத் தனியாக வைக்கச் சொன்னேன். டாக்கோமீட்டரில் (சுற்றுவேகம் காட்டும் மீட்டர்) எரியும் ஆரஞ்சு விளக்குகள் எல்லாம் அணையும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், யார் பின்னால் வந்து ஒட்டினாலும் சரி. இதற்காக ஈ46 பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆரம்பகால ஈ46 எம்3-களுக்கும் இதே பேரிங் பிரச்சினை வந்து கம்பெனியே மாற்றிக் கொடுத்தது. அதோடு பின் சப்ஃபிரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பிடித்திருக்கும் தரைத்தகட்டில் விரிசல் விழும். காரை மேலே தூக்கி அந்த இடத்தைப் பார்க்காமல் ஈ46-க்கு ஒரு யூரோ முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

வரியில் ஒரு நுணுக்கம். 2009 ஜூலை 1-க்கு முன் முதல் பதிவான பெட்ரோல் கார் என்றால் ஒவ்வொரு 100 சிசிக்கும் 6.75 யூரோ, ஈ92-க்கு வருடம் 270 யூரோவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதிவானதென்றால் கார்பன் டை ஆக்சைடு கணக்கும் சேர்ந்து 400 பக்கம் போகும். குளிர்காலத்தில் எடுக்கப் போவதில்லை என்றால் மார்ச் முதல் அக்டோபர் வரை சீசன் நம்பர் பிளேட் போட்டு இன்னும் குறைக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் எட்டு என்றால், ஆறு சிலிண்டர் எம்3 உங்களுக்கு எப்போதும் கிடைக்கும். 1992-இல் வந்த ஈ36 ஆறு, ஈ46 ஆறு, 2014-இல் டர்போவோடு திரும்பி வந்ததும் ஆறு. டர்போ இல்லாத, 8400 சுற்று போகிற வி8 எம்3-ஐ 2007 முதல் 2013 வரைக்கும்தான் விற்றார்கள். ஆசைக்கு வாங்கும் கார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): எட்டு அவ்வளவு நல்லது என்றால் போர்ஷே 911 ஏன் இன்னும் ஆறிலேயே நிற்கிறது?

பதில்: 911-இன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே நீளமோ கனமோ கூடினால் காரின் குணமே கெட்டுவிடும், படுத்த வாக்கில் இருக்கும் ஆறு குட்டையாக, தாழ்வாக அங்கே அடங்கிவிடுகிறது. போர்ஷேயும் எட்டுக்கு மாறப் பார்த்தது. 1977-இல் முன்பக்கம் வி8 வைத்த 928-ஐ 911-இன் இடத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1981-இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ் 911-ஐ நிறுத்தும் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். 928 1995-இல் முடிந்தது.

கேள்வி (லண்டன்): ஜாகுவார் எஃப்-டைப் வி6 என்பது வி8-இல் இரண்டு சிலிண்டரை அடைத்ததுதான் என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் வி8-ஐயே வாங்கலாமே?

பதில்: உண்மைதான். ஐந்து லிட்டர் வி8-இன் பிளாக்கையே அடிப்படையாக வைத்து, பின்கோடியில் இரண்டு சிலிண்டர்களுக்கான இடத்தை மூடிவிட்டு மூன்று லிட்டர் வி6 செய்தார்கள். 90 பாகை கோணம் ஆறுக்கு ஒத்துவராது என்பதால் நடுக்கத்தை அடக்கத் தனித் தண்டுகளும் சேர்த்தார்கள். அதனால் எடையில் பெரிய லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். 380 குதிரைத்திறன் வி6 எஸ்-ஐயும் 495 குதிரைத்திறன் வி8 எஸ்-ஐயும் வெறும் எஞ்சினாக மட்டும் பார்த்தால் வி8 பக்கம்தான் தராசு சாயும். ஆனால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போட ஆசை என்றால் வி6 மட்டும்தான் வழி, எஃப்-டைப் வி8 எல்லாமே ஆட்டோமேட்டிக். எனக்கு அந்த ஒரு காரணமே போதும், பின்சக்கர இழுவையும் கைக் கியரும் உள்ள வி6 எஸ் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.