அளவு மாறிக்கொண்டே போகும் மருந்துகளை மருத்துவமனை மென்பொருளில் எப்படிப் பதிவது?

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது போன்ற உத்தரவுகளை ஒரே ஆர்டராகப் போட்டுவிட்டு விவரத்தைக் குறிப்புப் பெட்டியில் எழுதினால் போதுமா, அல்லது ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி ஆர்டர் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்நோயாளிகளின் மருந்து உத்தரவுகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநராகவும், இத்தகைய மென்பொருளை வார்டின் நடைமுறைக்கு ஏற்ப அமைக்கும் குழுவில் ஒருவராகவும் என் பதில், இரண்டுமே வேண்டாம் என்பதுதான். ஆர்டர் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குள் படிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். செவிலியர் திறக்கும் மருந்து வழங்கல் பட்டியலில் அந்த வேளைக்கு உரிய அளவு மட்டுமே தெரிய வேண்டும்.

குறிப்புப் பெட்டியை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. அங்கே எழுதுவதை மனிதர்கள் படிக்கலாம், மென்பொருள் படிக்காது. 40 மி.கி. என்று ஆர்டரும், "5 நாளுக்கு ஒருமுறை 10 குறைக்கவும்" என்று குறிப்பும் இருந்தால், ஆறாம் நாள் காலையிலும் பட்டியலில் 40 மி.கி. என்றே வரும்; அதிகபட்ச அளவுச் சோதனை, பார்மசியின் மாத்திரைக் கணக்கு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாமே 40 மி.கி.யைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். கணக்குப் போடும் பொறுப்பு முழுவதும் இரவுப் பணியில் பல நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு செவிலியரின் மேல் விழுகிறது. தனித்தனி ஆர்டர்களின் சிக்கல் வேறு வகையானது. மருத்துவர் சிகிச்சையை மாற்ற நினைத்து இன்று ஓடும் ஆர்டரை மட்டும் நிறுத்துவார். நாளை மறுநாள் தொடங்கக் காத்திருக்கும் மற்றொன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில் பட்டியலில் எழுந்து நிற்கும்.

பிணைந்த படிகளை அமைக்கும்போது மிகவும் கவனிக்க வேண்டிய இடம், ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் எல்லை. பிரெட்னிசோலோன் 40, 30, 20, 10, 5 மி.கி. என ஒவ்வொன்றும் ஐந்து நாள், தினமும் காலை 8 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 3ஆம் தேதி மாலை 7 மணிக்குச் சேர்கிறார், முதல் 40 மி.கி. உடனே கொடுக்கப்படுகிறது. மென்பொருள் ஐந்து நாளை 120 மணி நேரமாக எண்ணினால், முதல் படி 8ஆம் தேதி மாலை 7 மணிக்குத்தான் முடியும். இடையில் 4 முதல் 8 வரை ஐந்து காலை வேளைகள் வருவதால், நோயாளிக்கு 40 மி.கி. ஆறு முறை போய்ச் சேரும். தேதிகளை எண்ணி 3 முதல் 7 வரை என்று வைத்து, மாலையில் உடனடியாகக் கொடுக்கும் வேளையை மருத்துவர் எழுதாமல் விட்டுவிட்டால், நான்கே முறைதான் கிடைக்கும். ஆகவே படியின் நீளத்தை மணியாலும் நாளாலும் அளக்காமல், வேளைகளின் எண்ணிக்கையால் அளக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு படியின் முதல் வேளையும் கடைசி வேளையும் எந்தத் தேதி, எந்த மணி என்பதைக் கையெழுத்திடும் திரையிலேயே மருத்துவருக்குக் காட்டும்படி செய்யச் சொல்லுங்கள். அந்தத் திரை மொத்தக் கணக்கையும் சொன்னால் இன்னும் நல்லது: மேற்சொன்ன உத்தரவுக்கு மொத்தம் 525 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரை 50, 5 மி.கி. மாத்திரை 5. இந்த எண் பார்மசியின் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் தவறு அங்கேயே பிடிபடும்.

கடைசிப் படிக்குப் பிறகு என்ன என்பதையும் மென்பொருள் கட்டாயமாகக் கேட்க வேண்டும். நீண்ட காலமாகத் தினமும் 5 மி.கி. பிரெட்னிசோலோன் எடுத்துவரும் ஒருவருக்கு, நோய் தீவிரமானபோது அளவைக் கூட்டிப் பிறகு குறைத்தால், அந்தப் படிவரிசை பூஜ்யத்தில் முடியக் கூடாது. பழைய 5 மி.கி.யில் போய் நிற்க வேண்டும். அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும் உடலில் ஸ்டீராய்டு திடீரென்று நின்றுபோவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையும் அப்படியே: வழக்கமாக 200 மி.கி. நாளுக்கு மூன்று முறை ஒரு வாரம், பிறகு இரண்டு முறை ஒரு வாரம், பிறகு ஒரு முறை எனத் தொடர்கிறது. இங்கே மூன்றாம் படிக்கு முடிவுத் தேதியே கிடையாது. "நிறுத்துக" அல்லது "மறு உத்தரவு வரை தொடர்க" என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கையெழுத்திட முடியாதபடி அமைப்பதே சரி.

படிகள் அடுத்தடுத்து வருவது ஒரு வகை. ஒரே நாளிலோ ஒரே வாரத்திலோ வெவ்வேறு அளவுகள் சேர்ந்து ஓடுவது மற்றொரு வகை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பயன்படும் விஸ்டா அமைப்பின் ஆர்டர் திரையில் இந்த வேறுபாடு வெளிப்படையாகவே இருக்கிறது; வரிசையாக வரும் அளவுகளுக்கு இடையில் "தென்" (then, பிறகு) என்றும், சேர்ந்து ஓடும் அளவுகளுக்கு இடையில் "அண்ட்" (and, மற்றும்) என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் முதலில் பயன்பாட்டுக்கு வந்த பாம்னி மென்பொருள், நம் மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதும் பழக்கத்துக்கு இணங்க, காலை, மதியம், இரவு அளவுகளைத் தனித்தனியாக இடும் முறையைத் தருகிறது. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரநிலையிலும் ஒவ்வோர் அளவுக் குறிப்புக்கும் வரிசை எண் உண்டு. ஒரே எண் உள்ளவை சேர்ந்து நடப்பவை, வெவ்வேறு எண் உள்ளவை அடுத்தடுத்து நடப்பவை. இந்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இந்தத் தரநிலையைப் பின்பற்றுவதால், மென்பொருள் நிறுவனத்தாரிடம் இந்த வரிசை எண்ணைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்தே அளவு மாறும் உத்தரவுகளை அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற உத்தரவு பார்க்க எளிது, ஆனால் ஒற்றைப்படைத் தேதி என்று அமைத்தால் 31ஆம் தேதியும் அடுத்த 1ஆம் தேதியும் தொடர்ந்து மருந்து போகும். முதல் வேளையிலிருந்து 48 மணி நேரம் என்று எண்ணுவதே பாதுகாப்பு. வீட்டில் ஏற்கெனவே அப்படி எடுத்துவருபவரிடம் கடைசியாக எடுத்த நாள் எது என்று கேட்டு அதையே தொடக்கமாக வைக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த நாளையே முதல் நாளாக்கும் மென்பொருளை அப்படியே விடாதீர்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே தர வேண்டிய இந்த மருந்தைத் தவறுதலாகத் தினமும் கொடுத்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், இதற்கு வாரம் ஒருமுறை என்பதே மென்பொருளின் இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்றும், தினசரி என்று மாற்றினால் புற்றுநோய்க்காகத்தானா என்று உறுதிசெய்யாமல் திரை நகரக் கூடாது என்றும் வலியுறுத்துகிறது. அதோடு கிழமையின் பெயரையும் கட்டாயமாக்குங்கள்.

எல்லா மாறும் அளவுகளையும் முன்கூட்டியே அட்டவணையில் அடைக்க முயலவும் வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினின் அளவு, உள்நோயாளிக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுச் சோதனையின் முடிவைப் பொறுத்தது, ஒரு வாரத்துக்கு எழுதி வைத்தால், ஐ.என்.ஆர். 5க்கு மேல் ஏறிய நாளிலும் மாத்திரை தயாராகக் காத்திருக்கும். மருந்து தொடர்கிறது என்பதை நினைவூட்டும் வரி ஒன்றை மட்டும் வைத்து, அளவை அன்றன்று முடிவைப் பார்த்தபின் எழுதச் செய்யுங்கள். இன்சுலின் ஸ்லைடிங் ஸ்கேலுக்குக் குளுக்கோஸ் அளவைப் பதிந்தவுடன் அதற்குரிய யூனிட்டைக் காட்டும் தனி அமைப்பு வேண்டும். நாள்வாரிப் படிகள் அதற்குப் பொருந்தாது.

தவறிய வேளையை என்ன செய்வது என்பதை மருத்துவர்களோடு உட்கார்ந்து மருந்துவாரியாக முடிவு செய்யுங்கள். பிரெட்னிசோலோனில் பொதுவாகத் தேதி அப்படியே நகரலாம். தீவிர மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி அப்படியல்ல: 0, 12, 24 மணி நேரத்தில் மூன்று, பிறகு நாளுக்கு ஒன்று. முதல் ஊசி நள்ளிரவு 2 மணிக்குப் போடப்பட்டால் அடுத்தது பிற்பகல் 2 மணிக்கு வர வேண்டுமே தவிர, வார்டின் வழக்கமான 8 மணிக்கு இழுத்துச் செல்லப்படக் கூடாது.

நடைமுறைக்கு விடுமுன் ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கி, மாலையில் சேர்த்து, இரண்டாம் படியின் நடுவில் வேறு வார்டுக்கு மாற்றி, ஒரு வேளையை நிறுத்திவைத்து, மீண்டும் தொடங்கி, இறுதியில் டிஸ்சார்ஜ் செய்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் முழு வரிசையும் முதலிலிருந்து வராமல், மீதமிருப்பது மட்டும் வர வேண்டும். காலில் ரத்தம் உறைந்தவருக்கு அபிக்சபான் 10 மி.கி. இரு வேளை ஏழு நாள், பிறகு 5 மி.கி. இரு வேளை என்று எழுதி, மூன்று நாள் முழுமையாகக் கொடுத்தபின் வீட்டுக்கு அனுப்பினால், சீட்டில் 10 மி.கி. இன்னும் நான்கு நாள், அதாவது எட்டு வேளை என்றிருக்க வேண்டும், 5 மி.கி. தொடங்கும் தேதியும் கிழமையும் தமிழில் அச்சாகியிருக்க வேண்டும்.