ஒரே மடிப் பணம்: பங்குச் சந்தையும் கிரிப்டோவும் – கேள்வி பதில்

பங்குத் தரகு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். இரு சந்தைகளும் ஒன்றையொன்று எப்படி அசைக்கின்றன என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம். கடன் வாங்கி எதையும் வாங்க வேண்டாம்.

கோவை, கல்லூரி மாணவி: பங்கு என்பது நிறுவனத்தில் உரிமை. பிட்காயினுக்குப் பின்னால் நிறுவனமே இல்லை. பிறகு ஏன் ஐயா இரண்டும் சேர்ந்து விழுகின்றன?

சரியான இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. பொருளுக்குள் தொடர்பில்லை, அதை வைத்திருக்கும் ஆளிடம்தான் தொடர்பு. 2017 முதல் 2019 வரை பிட்காயினுக்கும் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) வெறும் 0.01. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது 0.36 ஆனது என்று பன்னாட்டு நாணய நிதியம் 2022 ஜனவரியில் எழுதியது. இடையில் கொரோனா வந்தது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கியது. மலிவாகக் கிடைத்த பணம் தொழில்நுட்பப் பங்குகளுக்கும் போனது, கிரிப்டோவுக்கும் போனது. 2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரை ஒட்டி உச்சம் தொட்டது. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்கக் குறியீடான நாஸ்டாக்கும் அதே மாதம்தான் உச்சத்தில் இருந்தது. 2022இல் வட்டி நான்கு சதவீதத்தைத் தாண்டியது. நாஸ்டாக் அந்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது, பிட்காயின் அறுபது சதவீதத்துக்கு மேல் இழந்தது. ஒரே மடியிலிருந்து போன பணம், திரும்பும்போது இரண்டிலிருந்தும் திரும்புகிறது.

சேலம், வாசகர்: இப்போது பிட்காயின் வாங்கலாமா?

மேலே முதல் பத்தியில் பதில் இருக்கிறது.

மதுரை, நகைக்கடை வைத்திருப்பவர்: பிட்காயினை டிஜிட்டல் தங்கம் என்கிறார்களே. பங்குகள் விழும்போது அது காப்பாற்ற வேண்டாமா?

காப்பாற்றவில்லை ஐயா. 2020 மார்ச் 12 அன்று எஸ் அண்ட் பி 500 ஒன்பதரை சதவீதம் சரிந்தது. அதே நாளில் பிட்காயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

அவரே மீண்டும்: அந்த மாதம் தங்கமும்தானே விழுந்தது? என் கடையில் விலைப் பலகையை நானே மாற்றினேன்.

உண்மைதான், விழுந்தது. கடனில் பங்கு வாங்கி, தரகருக்குக் கூடுதல் ஈட்டுத்தொகை (மார்ஜின்) கட்டப் பணம் தேவைப்பட்டவர்கள் எது விற்குமோ அதை விற்றார்கள். தங்கமும் அதில் அடங்கும். ஆனால் 2022ஐப் பாருங்கள். அமெரிக்கப் பணவீக்கம் ஜூனில் 9.1 சதவீதம். விலைவாசி ஏறும்போது பணத்தின் மதிப்பைக் காக்கும் தங்கத்தின் வேலையைச் செய்ய இதைவிடப் பொருத்தமான ஆண்டு உண்டா? டாலர் கணக்கில் தங்கம் ஆண்டைத் தொடங்கிய விலையருகிலேயே முடித்தது. பிட்காயின் என்ன ஆனது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அவரே: 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது பிட்காயின் ஏறியதே!

ஏறியது, மறுக்க மாட்டேன். வங்கியை நம்பாதவர்கள் சிலர் அங்கே போனார்கள் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த மாதம் நாஸ்டாக்கும் ஏறியது. இனி வட்டி அதிகம் உயராது என்ற எதிர்பார்ப்பு இரண்டையும் தூக்கியது. உங்கள் வாதத்தில் பாதியை ஏற்றுக்கொண்டேன். மறுபாதியை ஏற்க முடியவில்லை.

சென்னை, மென்பொருள் பணியாளர்: கிரிப்டோ விழுந்தால் பங்குச் சந்தை விழுமா?

இதுவரை பெரிதாக இல்லை. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை நிறுவனம் திவாலாவதற்கு முந்தைய நாள், 2022 நவம்பர் 10, எஸ் அண்ட் பி 500 ஐந்தரை சதவீதம் ஏறியது; பணவீக்கம் தணிந்த செய்தியே அதற்குப் போதுமாக இருந்தது. ஆனால் நடுவில் இருந்த சுவர் இடிபட்டுக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில், பிட்காயினையே நேரடியாக வைத்திருக்கும் இடிஎஃப்களுக்கு (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதிகளுக்கு) அனுமதி கிடைத்தது. பிட்காயின்களைக் குவித்து வைத்திருக்கும் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் நாஸ்டாக் 100 குறியீட்டில் சேர்ந்தது. 2025 மே மாதம் கிரிப்டோ சந்தை நடத்தும் காயின்பேஸ் நிறுவனம் எஸ் அண்ட் பி 500இல் இடம்பிடித்தது. அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் நிதியில் பணம் போட்டிருந்தால், கிரிப்டோவை ஒருமுறைகூடத் தொடாத உங்களிடமும் அதன் ஒரு துளி இருக்கிறது.

திருச்சி, வாசகர்: நிஃப்டிக்குப் பாதிப்பு உண்டா?

நேரடியாக இல்லை, இரண்டையும் வெளியிலிருந்து ஒரே கை தள்ளும். 2024 ஆகஸ்ட் 5 அன்று, ஜப்பானிய நாணயமான யென்னில் மலிவாகக் கடன் வாங்கி முதலீடு செய்தவர்கள் வைத்திருந்ததை விற்று அந்தக் கடன்களை அவசரமாக அடைத்தார்கள். ஜப்பானின் பங்குக் குறியீடு நிக்கேய் 12 சதவீதம் சரிந்தது, சென்செக்ஸ் 2,200 புள்ளிகள் இழந்தது, பிட்காயின் 50,000 டாலருக்குக் கீழே போனது. மூன்றையும் தள்ளியது கடன்.

நெல்லை, வாசகர்: கிரிப்டோ நட்டத்தைப் பங்கு லாபத்தில் கழிக்கலாமா?

முடியாது. லாபத்துக்கு 30 சதவீத வரி. நட்டத்தை எதிலும் ஈடுசெய்ய முடியாது. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஈரோடு, வாசகர்: எந்த காயின் ஏறும்?

இது இன்று வந்த ஏழாவது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

திருப்பூர், வாசகர்: பங்குகளை அடகு வைத்து கிரிப்டோ வாங்கியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு என்பதால் பாதுகாப்புதானே?

தம்பி, மேலே எழுதியதெல்லாம் உங்களுக்காகத்தான். பங்கு விலை விழுந்தால் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கேட்கும் அதே நாளில் கிரிப்டோவும் விழுந்திருக்கும். கிரிப்டோவுக்கு விடுமுறை கிடையாது. சனிக்கிழமை இரவு அது சரிந்தால், உங்கள் பங்கை விற்கத் திங்கள் காலை 9.15 வரை காத்திருக்க வேண்டும். கடன் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று இன்றே எழுதி அனுப்புங்கள். எதை விற்று எவ்வளவு அடைக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.