பதக்கத்தில் பெயர் இல்லை

கேள்வி: என் அம்மப்பாவின் தம்பி இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஆமியில் சேர்ந்து போனவர். திரும்பி வரவில்லை. எங்களிடம் மிஞ்சியிருப்பது ஆறு முனை நட்சத்திரப் பதக்கமும் அவர் போட்ட கடிதத்தின் உறையும்தான். பதக்கத்தின் நாடா மணல் நிறம், நடுவில் தடித்த சிவப்புக் கோடு. எவ்வளவு துடைத்துப் பார்த்தும் பெயரைக் காணவில்லை. அவருக்குத் திவசமும் செய்ததில்லை. நவம்பரில் நினைவுத்தூணுக்குப் போகலாம் என்றால், “வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு என்ன பூ?” என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் துடைப்பதை நிறுத்துங்கள், பிள்ளை. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் ஆமி கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் வெட்டுவதில்லை. நீங்கள் சொல்வது ஆபிரிக்கா ஸ்டார். 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையில் வட ஆபிரிக்கப் போர்முனையில் நின்றவர்களுக்குக் கொடுத்தது. ஆக, தேடவேண்டிய திசை தெரிந்துவிட்டது: எகிப்து, லிபியா.

பெயர் உறையில்தான் இருக்கும், அதைவிட முக்கியமாகப் படை இலக்கமும். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். பெயரை நம்பவேண்டாம். நம்முடைய ஆட்களின் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று ஆமிக் கிளாக்கருக்குத் தெரிந்திருக்கவா போகிறது? தலைகீழாகவும் எழுதியிருப்பார், ஆங்கில எழுத்துகளில் இரண்டை விழுங்கியும் இருப்பார்.

கல்லறை இருந்தால் மயானத்தின் பெயர், வரிசை, இலக்கம் எல்லாம் வரும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவுச் சுவர்களில் இருக்கின்றன. எகிப்தின் எல் அலமெயினில் மட்டும் அப்படி 8,500க்கு மேற்பட்ட தரைப்படையினர். கல்லின் படம் கிடைத்தால் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே ஒரு வரி எழுதுவிக்கக் குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். அது வெறுமையாக இருந்தால், கேட்டு வந்த ஆங்கிலக் கடிதத்துக்கு வீட்டில் யாரும் பதில் போடவில்லை என்றும் இருக்கலாம். அதற்காக அம்மப்பாவைக் கோபிக்காதீர்கள்.

மாமாவுக்கு வருவோம். முதலாம் உலக யுத்தம் முடிந்த நாளான நவம்பர் 11இல், இறந்த சிப்பாய்களின் நினைவாகப் பொப்பிப் பூ விற்ற காசின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போகிறது என்று கோபப்பட்டுத்தான் 1931இல் கொழும்பில் சூரியமல் விற்கத் தொடங்கினார்கள். அந்தக் காசு யாருக்கு? யுத்தத்துக்குப் போய்வந்த இலங்கைச் சிப்பாய்களுக்கு. இடதுசாரிகள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கியது இரண்டு வருடம் கழித்து. ஆகவே வெள்ளைக்காரனோடு முறைத்துக்கொண்டே நம்முடைய சிப்பாயை நினைக்கலாம், இந்த ஊரில் அதற்கு வழக்கம் உண்டு. சூரியமல் வேறொன்றுமில்லை, நம்முடைய பூவரசம்பூ. விகாரமகாதேவிப் பூங்காவில் உள்ள தூணடிக்கு அதையே கொண்டுபோங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாய் காட்டத்தான் செய்வார்.

திவசத்துக்கு, ஆணைக்குழுவின் பதிவில் உள்ள இறந்த திகதியை ஐயரிடம் கொடுத்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கப்படி மாதமும் திதியும் சொல்லிவிடுவார். வாக்கியமா திருக்கணிதமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். காணாமற்போனவர் என்றால் சிலவேளை ஒரே திகதி இராது, இன்ன நாளுக்கும் இன்ன நாளுக்கும் இடையில் என்றிருக்கும். அப்படியானால் ஆடி அமாவாசையில் செய்யுங்கள்.