டிரை சூட்டுக்குள் எப்படி ஈரம் வந்தது?

கேள்வி: நோர்வேயில் இருக்கும் அண்ணா தன்ரை பழைய டிரை சூட்டை (தண்ணீர் உள்ளே புகாத முழு உடல் அங்கி) தந்துவிட்டுப் போனார். வைகாசியில் அங்கே அவருடன் கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) ஓடப் போகிறேன். பழகிப் பார்க்க அதைப் போட்டுக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் ஒரு மணித்தியாலம் வலித்தேன். கழற்றினால் பருத்திப் பெனியன் தெப்பமாக நனைந்திருந்தது. சூட் ஒழுகுகிறதா? (வாசகர், குருநகர்)

பதில்: பெரும்பாலும் அது உங்கள் வியர்வைதான். டிரை சூட்டின் துணி உள்ளிருக்கும் நீராவியை வெளியே விட, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தும் வறண்டும் இருக்கவேண்டும். எங்கள் கடல்நீரேரியின் வெக்கையில் அதற்கு வழியில்லை.

நாக்கில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, வியர்வையும் கடல்நீரும் உப்பு. ஈரம் இருந்த இடத்தைப் பாருங்கள். முதுகு, கமக்கட்டு, முழங்கை மடிப்பு எல்லாம் ஒரேயளவு நனைந்தால் வியர்வை. ஒரு மணிக்கட்டிலோ சிப் ஓரத்திலோ மட்டும் என்றால் ஒழுக்கு. சந்தேகம் தீராவிட்டால், சூட்டின் கைகளுக்குள் போத்தலும் கழுத்துக்குள் பந்தும் இறுக்கி, சிப்பைப் பூட்டி, காற்றை ஊதிச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

அதற்கு முன் சிப்பின் கடைசி ஒரு சென்ரிமீற்றரைப் பாருங்கள். நான் கண்ட 'ஒழுக்குகள்' பலவற்றுக்கு அதை முழுதாக இழுக்காததே காரணம். அடுத்தது மணிக்கட்டு: துடுப்பை இறுக்கிப் பிடிக்கும்போது தசைநாண்கள் புடைத்து, றப்பர் பட்டிக்கு அடியில் வாய்க்கால் போலாகிவிடும். பட்டியைக் கொஞ்சம் மேலே, முன்கைப் பக்கம் ஏற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றும் இதற்குப் பகை. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் வழிந்து கழுத்துப் பட்டியில் பட்டால் அதன் லேடெக்ஸ் றப்பர் பிசுபிசுத்துக் கிழியும். சூட் போடும் நாளில் எண்ணெய் வேண்டாம். கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள்.

இங்கே வெயிலில் இதைப் போட்டு இனி வலிக்காதீர்கள். உடம்புச் சூடு வெளியேறாமல் மயங்கி விழக்கூடும். போட்டுக் கழற்றிப் பழக, பொழுதுபட இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் நின்றால் போதும். இறங்குமுன் குந்தியிருந்து, கழுத்துப் பட்டியை விரலால் விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள்.

நோர்வேயில் வைகாசி வெயிலை நம்பி உடுக்கவேண்டாம், தண்ணீரின் குளிருக்கு உடுங்கள். 15 பாகைக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், அந்த நேரம் தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் சூட்டுக்கு மேலே உயிர்காப்பு அங்கி கட்டாயம். சூட் தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தராது. உள்ளே கம்பளி அல்லது ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) போடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக் குளிரவைக்கும், அந்தப் பெனியன் குருநகரிலேயே இருக்கட்டும்.