உலாவியைத் திறந்தால் உறையும் கணினி: கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: ஐயா, என் மேசைக் கணினியில் வேர்டும் எக்செலும் சிக்கலின்றி இயங்குகின்றன. குரோமைத் திறந்தால் மட்டும் எல்லாமே உறைந்துவிடுகிறது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. உலாவியில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு உலாவியில்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களுள் நினைவகம் (ரேம்), வட்டு, கிராஃபிக்ஸ், இணையம் ஆகிய நான்கிடமும் ஒரே நொடியில் வேலை வாங்குவது உலாவிதான். குரோம் 2008இல் வெளிவந்ததிலிருந்தே பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்கி வருகிறது. சென்ற முறை திறந்திருந்த பக்கங்களை எல்லாம் மறுபடி திறக்கும்படி நீங்கள் அமைத்திருந்தால், அத்தனை செயல்முறைகளும் ஒன்றாகக் கிளம்பும்; கணினியில் எந்த உறுப்பு நலிந்திருந்தாலும் அது வெளிப்படுவது அந்த நேரத்தில்தான்.

அடுத்த முறை உறையும்போது, அணைப்பதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். சுட்டியின் அம்பு நகர்கிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் விசைப்பலகை விளக்கு எரிந்து அணைகிறதா? வட்டு விளக்கு விடாமல் எரிகிறதா? அம்பும் விசைப்பலகை விளக்கும் அசையாவிட்டால் முழுக் கணினியும் நின்றுவிட்டது என்று பொருள். அப்போது டிரைவர் (உறுப்புகளை இயக்கும் மென்பொருள்), நினைவகச் சில்லு, சூடு, மின்வழங்கி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அவை அசைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது.

பிடோக் வாசகர்: எனக்கும் இதே தொல்லை. குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. விண்டோஸையே புதிதாக நிறுவ வேண்டும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: உலாவியை நீக்கும்போது உலாவல் தரவையும் நீக்கும்படி தனியே குறியிட்டால் ஒழிய, உங்கள் அமைப்புகளும் புத்தகக்குறிகளும் உள்ள பழைய கோப்புறை வட்டிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவிய குரோம் அதே கோப்புறையை எடுத்துக்கொள்வதால் பழைய நோயும் கூடவே வந்துவிடுகிறது. அதைத் துடைத்துவிட்டு நிறுவினாலும், கூகல் கணக்கில் நுழைந்தவுடன் நீட்சிகள் (உலாவியில் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) ஒவ்வொன்றாகத் திரும்பிவிடும். ஆகவே உலாவியை முழுவதுமாக மூடி, ‘யூசர் டேட்டா’ என்னும் அந்தக் கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள். சீராக இயங்கினால் பழுது பழைய கோப்புறையிலோ நீட்சியிலோ இருந்தது என்று தெளியலாம். புத்தகக்குறிகள் பழைய கோப்புறையில் பத்திரமாக இருக்கும். இரண்டு நச்சுநிரல் தடுப்பான்கள் ஒருங்கே இயங்குகின்றனவா என்றும் பாருங்கள். உலாவி தொடும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் போட்டியிட்டுச் சோதித்தால் எந்தக் கணினியும் திணறும். விண்டோஸை மறுபடி நிறுவுவது கடைசி வழி. வட்டே பழுதாகியிருந்தால் அதனாலும் பயனில்லை.

ஈசூன் வாசகர்: நீங்கள் சொன்னபடி பார்த்தேன். அம்பு நகர்கிறது, வட்டு விளக்கு விடாமல் எரிகிறது. பொறுத்திருந்தால் சில நிமிடங்களில் உலாவி திறக்கிறது.

பதில்: முதலில் ஒரு வேலை: புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளிவட்டு ஒன்றில் இன்றே படியெடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பின்னர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, குரோமைத் தொடங்குங்கள். நினைவகம் நிரம்பி வழிகிறது என்றால், இடம் போதாமல் விண்டோஸ் வட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது மிகவும் மந்தமாகத்தான் நடக்கும். நினைவகத்தில் பாதி காலியாக இருந்தும் வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கிறதா? அப்படியானால் வட்டின் பதில் நேரத்தைப் பாருங்கள். நலமான ஹார்ட் டிஸ்க் சில பத்து மில்லி நொடிகளில் பதிலளிக்கும். அந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறி, படிக்கும் வேகமோ மிகக் குறைவாக இருந்தால், வட்டில் பழுதான பகுதிகளைப் படிக்க முடியாமல் கணினி திரும்பத் திரும்ப முயல்கிறது என்று கொள்ளலாம். உலாவியின் கோப்புகள் அந்தப் பகுதியில் அமைந்துவிட்டால், வேர்டு நன்றாக இயங்கும்போதே குரோம் மட்டும் உறையும். உங்கள் நிலை இதுதான் என்பது என் ஊகம்.

இதை உறுதிப்படுத்த, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வட்டு தொடர்பான 7, 153 ஆகிய எண்களைத் தேடுங்கள். முதலாவது பழுதான பகுதியையும், இரண்டாவது மறுமுயற்சியையும் குறிக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளும் வட்டின் உடல்நிலையைக் காட்டும். படியெடுத்து முடிக்கும் முன் ‘செக் டிஸ்க்’ போன்ற நீண்ட சோதனைகளை ஓட்ட வேண்டாம். சாகக் கிடக்கும் வட்டை அது மேலும் வருத்தும். பழுது உறுதியானால் வட்டை மாற்றி, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி பொருத்துவதே முறை.

தெம்பனிஸ் வாசகர்: என் மடிக்கணினி உலாவியில் காணொளி ஓடும்போது மட்டும் உறைகிறது. சில நேரம் திரை கறுத்து மீள்கிறது.

பதில்: இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவரின் குற்றம். குரோம் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதிக்குச் சென்று கிராஃபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துவிட்டு உலாவியை மறுபடி தொடங்குங்கள். உறைவது நின்றால் டிரைவரை மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்து, முடுக்கத்தை மீண்டும் இயக்கலாம்; அதை நிரந்தரமாக அணைத்து வைத்தால் காணொளிச் சுமை முழுவதும் செயலியின்மேல் விழும். உறைந்த வேளையில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் அழுத்தினால் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் பெறும். விசிறித் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெக்கையில், குளிரூட்டி இல்லாத அறையில் மெத்தைமீது வைத்து இயக்கும் மடிக்கணினிக்கு மூச்சுவிட வழியே இல்லை.

சுவா சூ காங் வாசகர்: 4 ஜிபி நினைவகம் போதுமா?

பதில்: விண்டோஸுக்கும் உலாவிக்கும் சேர்த்துப் போதாது. 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போகும் முன், உங்கள் மாடலில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் கூட்ட இயலாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: அப்பாவின் கணினியில் உலாவி திரை முழுதும் நிறைந்து, ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒலியெழுப்புகிறது. எதுவும் அசையவில்லை.

பதில்: கணினி உறையவில்லை, உறைந்தது போல் காட்டும் மோசடிப் பக்கம் அது. அந்த எண்ணை அழைக்கவே கூடாது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகினால் பக்கத்தை மூடலாம். முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை முடித்துவிட்டு, அடுத்துத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்ற கேள்விக்கு மறுத்துவிடுங்கள். அப்பா ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவியிருந்தால், இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கு உடனே தெரிவித்து, அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஐயம் இருப்பின் சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் உதவி எண் 1799ஐ எந்நேரமும் அழைக்கலாம்.