அம்மாவையும் பையனையும் திமிங்கலம் பார்க்கக் கூட்டிப் போகலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பிப்ரவரியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கும் படகில் ஏறலாம் என்று ஆசை. அம்மாவுக்கு 66 வயது, மலைப்பாதையில் பஸ் ஏறினாலே குமட்டும். பையனுக்கு ஏழு. போகலாமா? திமிங்கலம் நிச்சயம் தெரியுமா?"

மாதம் சரியான மாதம். மிரிஸ்ஸ இருக்கும் இலங்கையின் தென்கரையில் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் அடங்கியிருக்கும், அதிலும் பிப்ரவரி, மார்ச் நல்ல நாட்கள். மே மாதத்துக்கு மேல் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே போகாதீர்கள். அப்போது கிழக்கே திருகோணமலைக்குப் போகலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் சின்ன பைபர் படகுகள், கழிப்பறை இருக்காது. அம்மாவோடு போகிறவர்களுக்கு மிரிஸ்ஸவின் இரண்டடுக்குப் படகே மேல்.

நிச்சயம் தெரியுமா என்றால், நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, அதற்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்பு. தென்முனையில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, ரொம்பக் குறுகல், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும், அந்த ஓரத்தில் சின்னஞ்சிறு இறால் வகைகள் திரளும், அதைத் தின்னத்தான் நீலத் திமிங்கலம் வருகிறது. உலகின் மற்ற பக்கங்களில் குளிர்கடலில் தின்று வெப்பக்கடலில் குட்டி போடும் இந்த விலங்கு, இங்கே வெப்பக்கடலிலேயே தின்று வாழ்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர். நீரில் மிதந்த திமிங்கலத்தின் செந்நிறச் சாணத்தைப் பார்த்துத்தான் அவருக்கு முதல் பொறி தட்டியது. அதனால் கடலில் செங்கல் நிறத்தில் ஏதாவது மிதந்தால் முகம் சுளிக்காமல் பையனுக்குக் காட்டுங்கள்.

சரி, அன்றைக்கு என்ன நடக்கும்? விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் எழுந்து மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகம் போக வேண்டும், ஆறு, ஆறரைக்குப் படகு கிளம்பும். ஒரு மணி நேரம் போல ஓடினால் திமிங்கலம் இருக்கும் பகுதி வரும். அங்கே போனால் கன்டெய்னர் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும், ஏனென்றால் உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று திமிங்கலம் சாப்பிடும் அதே இடத்தில் போகிறது. கப்பல் மோதி அவை சாவது உண்மையான பிரச்சினை. 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது, மற்றவர்களும் அப்படிச் செய்தால் நல்லது.

அப்புறம் காத்திருப்பு. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. நாலைந்து மணி நேரப் பயணத்தில் திமிங்கலம் கண்ணில் படுவது சில நிமிடங்கள்தான். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளை நீர்ப்புகை எழும், ஒன்பது மீட்டர் வரைகூட. பக்கத்தில் போனதும் தண்ணீருக்கடியில் வெளிர்நீலமாக ஏதோ ஒளிரும், பிறகு சாம்பல்நிறப் புள்ளிகள் படர்ந்த முதுகு வெளியே வரும், வந்தால் கூட்ஸ் ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கும், கடைசியில்தான் அந்தப் பொடி முதுகுத்துடுப்பு. பல முறை மூச்சு விட்டுவிட்டு வாலைத் தூக்கி உள்ளே போனால் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆள் இல்லை. அது இறங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வழவழப்பான வட்டம் மட்டும் நிற்கும். முழுத் திமிங்கலமும் காற்றில் பாயும் போஸ்டர் படத்தை மறந்துவிடுங்கள், நீலத் திமிங்கலம் அதெல்லாம் செய்வது அரிது. பையனைக் குஷிப்படுத்தப் போவது அநேகமாகச் சுழன்று குதிக்கும் ஸ்பின்னர் டால்பின்கள்தான்.

படகு பிடிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். இலங்கையில் 2012-லிருந்து விதி இருக்கிறது, திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் போகக் கூடாது. ஆனால் ஒரு திமிங்கலம் தெரிந்ததும் பத்துப் படகு அதை வளைத்துத் துரத்துவதும் நடக்கிறது, அப்படித் துரத்தினால் அது சீக்கிரமே உள்ளே போய்விடும், உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது. "ரொம்பப் பக்கத்தில் கூட்டிப் போவோம்" என்று சொல்கிறவரை விட்டுவிட்டு, தள்ளி நின்று எஞ்சினைத் தணித்துக் காத்திருப்போம் என்று சொல்கிறவரிடம் ஏறுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் மறுநாள் இலவசமாக ஏற்றிப் போவார்களா என்றும் கேளுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

இனி அம்மா. மலைப்பாதையில் குமட்டுகிறவருக்குக் கடலில் குமட்டாமல் இருக்காது. ஓடும்போதுகூடப் பரவாயில்லை, படகு நின்று ஆடும்போதுதான் வயிறு புரட்டும். அவோமின் மாதிரியான மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை, முந்தின இரவோ கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ போட வேண்டும். தூக்கம் வரும், கண் அழுத்த நோய் இருந்தால் ஆகாது, ஆகவே ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பையனுக்குக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். காலையில் வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் போதும், படகில் காலை உணவு தருவார்கள். அம்மாவைக் கீழ்த்தளத்தில், நடுவுக்கும் பின்புறத்துக்கும் இடையில் உட்கார வையுங்கள், மேல்தளத்தில் ஆட்டம் அதிகம். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். இஞ்சி மரப்பா, பிளாஸ்டிக் பை இரண்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எல்லோருக்கும் வேண்டும், பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

ஒருவருக்கு முடியவில்லை என்பதற்காகப் படகைத் திருப்ப மாட்டார்கள். அம்மாவுக்கே தயக்கம் இருந்தால் வற்புறுத்தாமல் யாராவது ஒருவர் அவரோடு கரையில் இருந்துவிடுங்கள். மிரிஸ்ஸவில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் முதல் காலையிலேயே படகு பதிவு செய்யுங்கள், காற்றடித்து ரத்தானால் இரண்டாவது காலை கையில் இருக்கும்.